சன்னலுக்குத் ‘தலைப்பு’ கிடையாது: உத்திரம் என்ற சொல்

அகலச் சன்னல் வைப்பது பற்றித் தமிழில் வரும் மொழிபெயர்ப்புகளில் ‘சன்னல் தலைப்பு’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆங்கில மூலத்தில் ‘ஹெடர்’ (header) என்று இருந்திருக்கும். அகராதியின் முதல் பொருளை எடுத்துப் போட்டுவிட்டார்கள். தமிழில் கட்டுரைக்குத் தலைப்பு உண்டு, புடவைக்கு உண்டு. சுவருக்குக் கிடையாது.

திறப்பின் மேல் குறுக்கே கிடந்து, மேலிருந்து வரும் பாரத்தை இருபக்கச் சுவருக்கும் இறக்கும் உறுப்பு இது. சென்னையில் மேஸ்திரி முதல் இன்ஜினியர் வரை ‘லிண்டல்’ என்பார்கள். லத்தீனில் வாசற்படியைக் குறித்த சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழில் உத்திரம். சங்கப் பாட்டான நெடுநல்வாடை அரண்மனை வாயிலைப் பாடும்போது ‘நாளொடு பெயரிய கோளமை விழுமரத்து’ என்கிறது. உத்தரம் என்னும் நாளின் பெயர்கொண்ட மரம் என்பது நச்சினார்க்கினியர் உரை. பங்குனி உத்திரத்தில் வரும் அதே உத்திரம்.

அது வடசொல், ‘விட்டம்’ என்பதே தமிழ் என்பார்கள் சிலர். விட்டம் நல்ல சொல்தான், ஆனால் கட்டட வரைபடத்தில் உதவாது. கம்பியின் குறுக்களவையும் விட்டம் என்றே எழுதுகிறோம். ‘விட்டத்தின் கம்பி விட்டம் 12’ என்றால் கம்பி கட்டுபவர் என்ன செய்வார்? பழைய ஓட்டு வீடுகளில் விட்டம் என்றால் கூரையைத் தாங்கும் மரம். வாசலுக்கு மேல் இருப்பது வேறு. ‘மேல்தாங்கி’ என்ற புதுச்சொல்லோ சன்ஷேடா, பரணா, எது என்று தெரியாமல் நிற்கிறது. சங்கப் பாட்டே மறைமுகமாகச் சுட்டிய பெயரைத் தூய்மையின் பேரால் தள்ளுவது வீண் வேலை. ‘சன்னல் உத்திரம்’ என்று எழுதினால் குழப்பமே இல்லை.

‘தலைப்பு’ என்று எழுதுபவர்கள் சொல்லோடு அளவையும் அப்படியே கொண்டுவந்துவிடுகிறார்கள் என்பதுதான் பெரிய கேடு. அமெரிக்க ஹெடர் என்பது மரச்சட்டச் சுவரில் இரண்டு பலகைகளைச் சேர்த்து அடிப்பது. அதற்குப் போட்ட அளவு அட்டவணைக்கும் நம் 9 அங்குலச் செங்கல் சுவருக்கும் சம்பந்தமில்லை.

இங்கே கணக்கு வேறு. திறப்பின் மேல் 60 பாகை முக்கோணத்துக்குள் அடங்கும் சுவர்ப் பாரம் மட்டுமே உத்திரத்தில் இறங்கும் என்பது பாடம். 8 அடி (2.4 மீ.) சன்னலுக்கு அந்த முக்கோணம் 2 மீட்டருக்கு மேல் உயரம் கேட்கும். சன்னல் மேல்மட்டம் 7 அடி, தளம் 10 அடி என்றால் இடையில் இருப்பதே 3 அடி. முக்கோணம் உருவாகவே இடமில்லை. சுவர் முழுவதும், அதில் அமரும் தளத்தின் பங்கும் உத்திரத்தின் மேல்தான். 11 அடி அகல அறையின் 5 அங்குல மொட்டைமாடித் தளம் அந்தச் சுவரில் உட்கார்ந்தால், மீட்டருக்குச் சுமார் 1.6 டன் வரும். தூண் வைத்த அடுக்குமாடியில் தளத்தை மேல் பீம் வாங்கிக்கொள்ளும், உத்திரத்துக்கு இடைச்சுவர் மட்டுமே.

4 அடிக்குப் போட்ட 6 அங்குல உத்திரத்தையே 8 அடிக்கும் போடும் பழக்கம்தான் ஆபத்து. மீட்டருக்கு அதே பாரம் இருக்க, அகலம் இரட்டித்தால் உத்திரத்தை வளைக்கும் வளைவிசை நான்கு மடங்கு, தொய்வு பதினாறு மடங்கு. மேற்சொன்ன பாரத்தில் 6 அங்குலம் பாதிகூடத் தாங்காது. எம்20 (M20) தரக் காங்கிரீட்டில் 230 மி.மீ. அகலம், 300 மி.மீ. ஆழம், அடியில் 12 மி.மீ. கம்பி மூன்று, மேலே 10 மி.மீ. இரண்டு, அவற்றைச் சுற்றிக் கட்டும் 8 மி.மீ. ரிங் 150 மி.மீ. இடைவெளியில், இருபக்கமும் சுவரில் 230 மி.மீ. அமர்வு என்ற அளவில் வரும். பாரம் மாறினால் இதுவும் மாறும். இன்ஜினியர் கணக்குப் பார்த்தே ஆகவேண்டும்.

சன்ஷேடும் சேர்த்து வார்த்தால் அதன் முதன்மைக் கம்பி மேல்பக்கம் இருக்கவேண்டும். வார்க்கும்போது காலால் மிதித்து அது கீழே போய்விட்டால் சன்ஷேட் வேரிலேயே விரிசல் விடும். உத்திரத்தை அடியில் தாங்கும் முட்டுக்கால்களை 14 நாளுக்கு முன் எடுக்கக் கூடாது.