கழிவு வேறு, வீண் வேறு

“அரசாங்கக் கழிவுகளை அம்பலப்படுத்தும் எம்.பி.” இப்படி ஒரு தலைப்பை இந்த மாதத்தில் மட்டும் மூன்றாவது முறையாகப் பார்த்துவிட்டேன். பிரிட்டன் நாடாளுமன்றச் செய்தி ஒன்றின் தமிழாக்கம் அது. காலையில் அம்மாவுக்குச் செய்தி படித்துக் காட்டுவது வழக்கம். இதைப் படித்ததும், “எந்த ஊர்ல சாக்கடை அடைச்சுக்கிச்சு?” என்று கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. கழிவு என்றால் தமிழ்க் காதுக்கு முதலில் சாக்கடைதான் வரும்.

செய்தியில் சாக்கடையே கிடையாது. ஆலோசகர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் அமைச்சகங்கள் கொட்டிக் கொடுத்த பணத்தைப் பற்றி ஓர் உறுப்பினர் கேள்வி எழுப்பியிருக்கிறார், அவ்வளவுதான். கடைசிப் பத்தியில் மட்டும், வீட்டுக் குப்பையை வாரம் ஒருமுறை எடுப்பதா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுப்பதா என்ற பழைய சண்டை வருகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வேஸ்ட்’ என்ற ஒரே சொல். மொழிபெயர்த்தவர் இரண்டுக்கும் ‘கழிவு’ என்று போட்டுவிட்டுப் போய்விட்டார்.

‘வேஸ்ட்’ வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ‘வாஸ்டுஸ்’ என்றால் வெறுமையானது, பாழானது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. முதலில் பாழ்நிலம், அப்புறம் பாழாக்குதல், அதிலிருந்து பணத்தையும் காலத்தையும் வீணடித்தல், பிறகு வேண்டாம் என்று தள்ளிய பொருள். ஆக, ஆங்கிலத்திலேயே குப்பை என்ற பொருள் பிந்தி வந்ததுதான். மூலப்பொருளுக்கு நெருக்கமான தமிழ்ச்சொல் ‘பாழ்’. ‘காசைப் பாழாக்காதே’ என்று நம் வீடுகளில் சொல்வது அந்த லத்தீன்காரருக்கும் புரிந்திருக்கும்.

இனி ‘கழிவு’. கழி என்ற வினையிலிருந்து வந்தது. கழிதல், கழித்தல், கழிநீர், கழிப்பறை, கணக்கில் கழித்தல் எல்லாம் ஒரே குடும்பம். ஒரு வேலை நடந்தபின் மிஞ்சுவது, நீங்குவது, கழிந்து போவது கழிவு. இலங்கைத் தமிழில் கடைக்காரர் விலையில் குறைத்துக் கொடுப்பதும் ‘கழிவு’தான், அங்கே விலைக்கழிவு என்பார்கள், நாம் தள்ளுபடி என்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் ‘அரசாங்கக் கழிவு’ என்று படித்தால், அரசாங்கம் ஏதோ விலை குறைத்திருக்கிறது என்று நினைத்தாலும் நினைப்பார். ‘குப்பை’ இன்னும் சுவாரசியமான சொல். பழந்தமிழில் அதற்குக் குவியல் என்றுதான் பொருள். நற்றிணையில் குன்றுபோல் கிடக்கும் உப்புக் குவியலுக்குக் குப்பை என்றே பெயர். இழிவெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, ‘கழிவு’ என்று போட்டால் என்ன குறைந்துவிடும்? என் நண்பர் ஒருவர், அவரும் மொழிபெயர்ப்பாளர்தான், இதைக் கேட்டார். “அகராதியில் அதுதானே முதல் பொருள்? ஆங்கிலத்தில் ஒரு சொல் என்றால் தமிழிலும் ஒரு சொல்லாகவே வைத்தால்தான் கலைச்சொல் நிலைக்கும்” என்பது அவர் வாதம். கலைச்சொல் ஆக்கத்தில் ஒருமைப்பாடு வேண்டும் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருமைப்பாடு பொருளுக்குத்தான் வேண்டும், எழுத்துக்கூட்டலுக்கு இல்லை. ஆங்கிலத்தில் இரண்டு பொருள் ஒரே கூட்டில் குடியிருந்தால், அந்தக் கூட்டையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. நம்மிடம் இரண்டு பொருளுக்கும் தனித்தனி வீடு ஏற்கெனவே இருக்கிறது.

பேச்சைக் கவனித்துப் பாருங்கள். தெருக்குழாயை மூடாமல் போகும் பையனிடம் பாட்டி என்ன சொல்கிறார்? “தண்ணிய வீணாக்காதடா.” இன்றைய அம்மா “தண்ணிய வேஸ்ட் பண்ணாத” என்பார். “தண்ணீரைக் கழிவாக்காதே” என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? சொன்னால் அதற்கு வேறு பொருள். நல்ல தண்ணீரில் அழுக்கைக் கலக்காதே என்று ஆகிவிடும். படிக்காத பாட்டி சரியாகப் பிரிக்கிற இடத்தில், பட்டம் வாங்கிய மொழிபெயர்ப்பாளர் தடுமாறுகிறார்.

இன்னொரு சோதனை, திருப்பூர் பக்கத்தில். பனியன் கம்பெனியில் துணி வெட்டியபின் விழும் துண்டுகளுக்கு ‘பனியன் வேஸ்ட்’ என்று பெயர். மில்லில் ‘கழிவுப் பஞ்சு’. இரண்டுக்கும் விலை உண்டு, வாங்கி விற்கத் தரகர்கள் உண்டு. கழிவுப் பஞ்சை வாங்கி மறுபடி நூலாக்கவே ஓ.இ. மில்கள், அதாவது ‘ஓப்பன் எண்ட்’ நூற்பாலைகள், இருக்கின்றன. அது கழிவுதான், ஆனால் ஒரு கிலோகூட வீணாகவில்லை. மறுபக்கம், கட்டி முடித்துப் பத்து வருடமாகத் திறக்காமல் கிடக்கும் ஒரு சமுதாயக் கூடத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே கழிவு என்று எதுவும் இல்லை. செலவழித்த காசு முழுக்க வீண். கழிவாகியும் வீணாகாதது உண்டு; கழிவே இல்லாமல் வீணானதும் உண்டு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் இந்த வேறுபாட்டைப் பேசவே வழியில்லாமல் போகும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது இதனால் மட்டும் இல்லை. கழிவு தானாக உண்டாவது. சமைத்தால் தோல் மிஞ்சும், ஆலை ஓடினால் சாயநீர் வரும். அதை யாரும் ‘செய்தார்’ என்று சொல்வதில்லை. வீணடித்தல் அப்படி இல்லை. வீணடித்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும். ‘பணம் வீணடிக்கப்பட்டது’ என்று எழுதினால் உடனே ‘யாரால்?’ என்ற கேள்வி எழுகிறது. ‘அரசாங்கக் கழிவு’ என்று எழுதினால் அந்தக் கேள்வி எழுவதே இல்லை. அரசாங்கம் என்று ஒன்று நடந்தால் கொஞ்சம் கழிவு இருக்கத்தான் செய்யும் என்பது போல் ஆகிவிடுகிறது. கணக்குக் கேட்பதற்காக எழுந்து நிற்கும் உறுப்பினரின் கேள்வியிலிருந்தே பொறுப்பாளியை உருவி எடுத்துவிடுகிற சொல் இது.

பிரிட்டனில் கணக்குக் கேட்பதற்கென்றே பொதுக் கணக்குக் குழு இருக்கிறது. 1861-இல், கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது அமைந்தது. தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கைகளை வைத்துக்கொண்டு துறைச் செயலர்களை நேரில் உட்கார வைத்துக் கேட்பார்கள். நம் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் இருக்கும் பொதுக் கணக்குக் குழுக்கள் இந்த வழியில் வந்தவைதான். நம் தணிக்கை அறிக்கைகளின் மொழியில் வீணாவதற்கே பல படிகள் உண்டு: தவிர்த்திருக்கக்கூடிய செலவினம், பயனற்ற செலவினம், வீண் செலவினம். அலுவலகத் தமிழைக் குறை சொல்லும் பழக்கம் எனக்கும் உண்டு. இந்த விஷயத்தில் அது நம் செய்தித் தமிழைவிட எவ்வளவோ தெளிவு.

இலங்கைப் பத்திரிகைகளில் ‘வீண்விரயம்’ என்று எழுதுகிறார்கள். ஊழல், மோசடி, வீண்விரயம் என்று மூன்றும் சேர்ந்தே வரும். வீண் என்றாலும் விரயம் என்றாலும் ஒன்றுதானே, எதற்கு இரட்டிப்பு என்று சிலர் திருத்துகிறார்கள். திருத்த வேண்டாம். விரயம் என்பது வடமொழி ‘வ்யய’ என்பதன் திரிபு. அதற்கு மூலப்பொருள் வெறும் செலவு. பஞ்சாங்கத்தில் ஆதாயத்துக்கு எதிரே போட்டிருக்கும் விரயம் செலவுதான். ஜோசியர் பன்னிரண்டாம் இடத்தைப் பார்த்துவிட்டு, “சுப விரயம், வீடு கட்டுவீங்க” என்று நல்ல செய்தியாகத்தான் சொல்கிறார். ஆகவே ‘வீண்’ என்ற அடைக்கு அங்கே வேலை இருக்கிறது. எனக்குப் பிடித்தது ‘வீண்செலவு’. பணம் மட்டுமல்லாமல் ஆளும் நேரமும் மருந்தும் சேர்ந்து போகிற இடத்தில் ‘வீணடிப்பு’. ‘விரயம்’ என்று தனியாக எழுதுகிறவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன். ‘கழிவு’ என்பவர்களோடுதான் போவேன்.

வீட்டுக் குப்பைப் பக்கம் வந்தால் ‘கழிவு’ முழுக்கச் சரியா? பெரும்பாலும் சரி. ஆனால் ‘உணவுக் கழிவு’ என்று வரும்போது நிதானம் வேண்டும். கல்யாணப் பந்தியில் எடுத்த இலையை நினைத்துக்கொள்ளுங்கள். மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை, ஒதுக்கிய கறிவேப்பிலை, மிளகாய்க் காம்பு: இவை கழிவு. பக்கத்திலேயே கடிபடாத ஒரு லட்டு, கை படாத ஒரு கரண்டி சாதம்: இவை வீண். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, 2022-இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு இப்படிப் போனது, அதில் 60 சதவீதம் வீடுகளில் என்றது. நம் செய்திகள் ‘உணவுக் கழிவு’ என்றும் எழுதின, ‘வீணான உணவு’ என்றும் எழுதின. அந்தக் கணக்கில் தோலும் எலும்பும் சேர்ந்தே இருப்பதால் இரண்டில் எந்த ஒன்றும் முழுப் பொருத்தம் இல்லை. ‘வீணான உணவும் உணவுக் கழிவும்’ என்று நீட்டித்தான் எழுத வேண்டும். நீண்டால் நீளட்டும்.

இங்கிலாந்தில் 2026 மார்ச் 31 முதல் வீடுகளில் உணவுக் கழிவை வாராவாரம் தனியாக எடுக்க வேண்டும் என்று விதி வந்தது. அங்கே ‘உணவுக் கழிவு’ சரி. தொட்டிக்குள் விழுந்தபின் லட்டும் சக்கையும் ஒன்றுதான். இதைத் தமிழாக்குகிறவர்கள் ‘தரம் பிரித்து’ என்று எழுதும்போதுதான் மறுபடி எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நம் தெருவில் பேட்டரி வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறதே, ‘மக்கும் குப்பை, மக்காத குப்பை எனத் தரம் பிரித்து’ என்று, அந்தப் பிழைதான் கடல் தாண்டியும் போகிறது. மாம்பழத்தைத் தரம் பிரிக்கலாம், முட்டையைப் பிரிக்கலாம், நெல்லைப் பிரிக்கலாம். உயர்ந்தது, நடுத்தரம், மட்டம் என்று வரிசை இருக்கும். வாழைப்பழத் தோலுக்கும் பால் கவருக்கும் இடையில் உயர்வு தாழ்வு எங்கே? ‘பலதரப்பட்ட’ என்கிறோமே, தரம் என்றால் வகை என்ற பொருளும் உண்டே என்பார்கள். உண்டு, அந்தத் தொடரில். தனியாக ‘தரம்’ என்றதும் மனசில் வருவது மேல்-கீழ்தான். ‘வகை பிரித்து’ என்று சொன்னால் யாருக்காவது புரியாமல் போகுமா? மக்கும் என்பதற்கு இலங்கையில் உக்கும் என்கிறார்கள். அது ஊர்வழக்கு, இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. தரம் பிரித்தல் ஊர்வழக்குகூட இல்லை. யாரோ ஒருவர் ஒருநாள் அவசரத்தில் எழுதியதை எல்லோரும் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டோம்.

பிரிட்டனில் இந்த இரண்டு ‘வேஸ்ட்’டையும் ஒரே ஆள் தூக்கிக்கொண்டு அலைந்த காலம் உண்டு. 2010 முதல் 2015 வரை உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்த எரிக் பிக்கிள்ஸ், நகராட்சிகள் 500 பவுண்டுக்கு மேல் செய்யும் செலவையெல்லாம் இணையத்தில் போடச் சொன்னார்; வீண்செலவைப் பொதுமக்களே பார்க்கட்டும் என்றார். இன்னொரு பக்கம் வாராந்தரக் குப்பை எடுப்பைக் காப்பாற்ற 25 கோடி பவுண்டு ஒதுக்கினார். சிக்கன் டிக்கா மசாலா மிச்சத்தைத் தொட்டியில் போட்டுவிட்டு இரண்டு வாரம் காத்திருக்காமல் இருப்பது ஒவ்வோர் ஆங்கிலேயரின் அடிப்படை உரிமை என்று பேசியவர் அவர். அவருடைய எதிராளிகள் அந்த 25 கோடியையே வீண்செலவு என்றார்கள். இந்த வாதத்தை ‘கழிவு’ என்ற ஒரே சொல்லை வைத்துத் தமிழில் எழுதிப் பாருங்கள். கழிவுக்கு ஒதுக்கிய பணம் கழிவு என்று வந்து நிற்கும்.

போன வாரம் எனக்கே ஒரு சோதனை வந்தது. கொரோனாவின்போது பிரிட்டன் சுகாதாரத் துறை வாங்கிக் குவித்த முகக்கவசம், அங்கி, கையுறை பற்றிய ஒரு கட்டுரை திருத்த வந்திருந்தது. 2020-21-இல் 1,210 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். அதில் 870 கோடியை மதிப்பிழந்ததாகக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். 400 கோடி பவுண்டுக்கு வாங்கியவை மருத்துவமனைகளில் பயன்படுத்தவே முடியாதவை. அவற்றில் கணிசமான அளவை எரித்து மின்சாரம் எடுக்கப் போகிறார்கள் என்று பொதுக் கணக்குக் குழு 2022 ஜூனில் அறிக்கை தந்தது. கட்டுரையில் எல்லா இடத்திலும் ‘கழிவு’ என்றே இருந்தது. துறை வாங்கியதும் கழிவு, எரித்ததும் கழிவு. வாங்கிய இடத்தில் எல்லாம் அடித்துவிட்டு ‘வீண்செலவு’ என்று எழுதினேன். உலைக்குப் போகிற இடத்தில் ‘கழிவு’ என்பதை அப்படியே விட்டேன்.