புரட்டாசியிலேயே கூப்பிடுங்கள்

டிவிக்கு டிஷ் மாட்டிக் கொடுக்கிறவன் நான். ஐப்பசியில் முதல் நல்ல மழை விழுகிற ராத்திரி என் போன் ஓயாது. போன வருஷம் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு ஆச்சி கூப்பிட்டார். "ஏ தம்பி, சவத்துக்கு நாலு தூத்தல் விழுந்தா படம் போயிருது. ஒரு எட்டு வந்து பாரேன்." மணி எட்டே முக்கால், தலைக்கு மேல் இடி. "காலைல வாரேன் ஆச்சி" என்றேன். "உங்க வீட்டுல படம் ஓடுதுல்லா, உனக்கென்ன" என்று வைத்துவிட்டார்.

நான் போகாததற்குச் சோம்பல் காரணமில்லை. பாசி பிடித்த ஈரத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்), இருட்டில், இடியில், இரும்புப் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க எந்த சீரியலும் தகுதியானதில்லை. வீட்டு ஆட்கள் கேட்பதில்லை: நான் வரமாட்டேன் என்று தெரிந்ததும் பையனைக் குடையோடு மேலே ஏற்றி "லேசா ஆட்டிப் பாருல" என்பார்கள். தயவுசெய்து வேண்டாம்.

மறுநாள் காலை வானம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. டிவியில் படம் பளிச். "இப்ப ஓடுது பாத்தியா, உன்ன பாத்ததும் ஓடுது" என்றார் ஆச்சி. மேலே போய் மீட்டரை மாட்டினேன். படம் வரத் தேவையான அளவுக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது சிக்னல். டிஷ்ஷின் முதுகில் இருந்த நட்டுகளில் ஒன்று விரலாலேயே சுற்றியது. ஆனி, ஆடி, ஆவணி என்று மூன்று மாதம் மேல்காற்று ஆட்டி ஆட்டித் தளர்த்திய நட்டு அது.

இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். பழைய மீன்முள் ஆன்டெனா காலத்தில் சிக்னல் குறைந்தால் திரையில் புள்ளி விழும், நிழலாடும், முன்கூட்டியே சொல்லிவிடும். டிஜிட்டல் படம் சொல்லாது. கடைசிச் சொட்டு இருக்கிற வரை பளிச்சென்று இருந்துவிட்டு, கட்டம் கட்டமாக உடைந்து ஒரேயடியாகப் போகும். வெயில் காலம் முழுக்க டிஷ் சிக்னல் கையிருப்பே இல்லாமல் ஓடியிருக்கும், நமக்குத் தெரியாது. மழை வந்து கணக்குக் கேட்கும்போதுதான் தெரியும். அதனால்தான் மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே கூப்பிடுங்கள் என்கிறேன்.

செயற்கைக்கோள் நிற்பது பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து டிஷ்ஷுக்கு வருகிற ரேடியோ அலையின் (கேயூ பேண்ட் என்பார்கள்) நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர்தான். மழைத்துளி அதைக் கொஞ்சம் விழுங்கும், கொஞ்சம் சிதறடிக்கும். கொட்டுகிற மழையில் எவ்வளவு நல்ல டிஷ்ஷும் கொஞ்ச நேரம் படம் காட்டாது. அதற்கு என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. தூறலுக்கே போகிறது என்றால்தான் டிஷ்ஷில் கோளாறு. 60 சென்டிமீட்டர் டிஷ் ஒன்றரை டிகிரி விலகினால் சிக்னல் பாதியாகிவிடும். ஒன்றரை டிகிரி என்றால் டிஷ்ஷின் விளிம்பு நகர்வது முக்கால் சென்டிமீட்டர், ஒரு சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. கீழே நின்று "டிஷ் நேராத்தானே இருக்கு" என்று பார்த்துச் சொல்ல முடியாத அளவு அது.

புது டிஷ் மாட்டப் போகிறவர்களுக்கும் இதே புரட்டாசிதான் நல்லது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தூர்தர்ஷனின் இலவசச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வருகிற ஜிசாட் 15 செயற்கைக்கோள் நிற்பது 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில். திருநெல்வேலியிலிருந்து பார்த்தால் அது கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவில், ஏறக்குறைய 69 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட அண்ணாந்து பார்க்கிற இடம். செப்டம்பர் கடைசி வாரத்தில், அதாவது புரட்டாசி பிறந்து பத்து நாள் வாக்கில், காலை 11 மணியையொட்டிச் சூரியனும் அதே இடத்துக்கு வருகிறது. அந்த நேரத்தில் டிஷ் வைக்கப் போகிற இடத்தில் போய் நில்லுங்கள். உங்கள் மேல் வெயில் அடித்தால் டிஷ்ஷுக்குச் செயற்கைக்கோளும் தெரியும். தென்னை ஓலையின் நிழல் விழுந்தால் இடத்தை மாற்றுங்கள். மீட்டர் வேண்டாம், காம்பஸ் வேண்டாம். மற்ற கம்பெனிகளின் கோள் வேறு இடத்தில் நிற்பதால் நேரம் முன்பின் மாறும், அவ்வளவுதான். (அதே நாட்களில் அதே நேரத்தில் வெட்ட வெயிலில் சில நிமிடம் படம் போனாலும் பயப்படாதீர்கள். கோளுக்குப் பின்னால் சூரியன் நின்று இரைச்சல் போடுகிறது. மார்ச் நடுவிலும் ஒருமுறை வரும்.)

கோள் இவ்வளவு உயரத்தில் இருப்பதால் பக்கத்து வீட்டு மாடி பெரும்பாலும் நமக்கு மறைவே இல்லை. 10 அடி தள்ளி நிற்கிற மரம் டிஷ்ஷைவிட 26 அடியாவது உயர்ந்தால்தான் குறுக்கே வரும். ஆனாலும் கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் வாசலிலேயே தென்னை நிற்கிறதே. நான் மாட்டும்போது இடுப்பளவு நின்ற கன்று இன்று டிஷ்ஷின் தலைக்கு மேல் ஓலையை விரித்திருக்கிறது. காய்ந்த நாளில் ஓலை இடுக்கு வழியே படம் ஓடும். நனைந்த ஓலை விடாது.

அடுத்தது கேபிளின் முனை. கோளாறு என்று நான் போகிற வீடுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் முடிகிறது. எல்.என்.பி.யில் (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்று சிக்னலை வாங்குகிற உறுப்பு) மாட்டியிருக்கிற கனெக்டரைக் கழற்றினால் உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும். டிவி பக்கத்தில் இருக்கிற செட்டாப் பாக்ஸிலிருந்து அந்தக் கேபிள் வழியாகத்தான் 13 அல்லது 18 வோல்ட் மேலே போகிறது. தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால் கம்பி அரிக்காமல் என்ன செய்யும்? சாதாரணக் கறுப்பு டேப் ஒரு கோடைக்குப் பிறகு பசை உருகி அவிழ்ந்து தொங்கும். இழுத்துச் சுற்றினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப் கேட்டு வாங்குங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் ஒரு தொங்கல் விடச் சொல்லுங்கள். தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே வரும். தொங்கலின் அடியில் சொட்டிவிடும், சுவருக்குள் வராது.

மாடித் தரையில் பதித்த தட்டோட்டில் துளை போட யாரையும் விடாதீர்கள். ஒரு வீட்டில் அப்படிப் போட்ட நாலு துளையும் கார்த்திகையில் பூஜை அறையில் சொட்டியது. கைப்பிடிச் சுவரில் போடலாம், சுவர் ஈரமாக இல்லாதபோது. ஈரச் சுவரில் கரண்ட் டிரில்லைப் பிடிக்க மாட்டேன், எனக்குக் குடும்பம் இருக்கிறது. மின்கம்பி போகிற பக்கத்தை விட்டுவிடுங்கள்: பைப் முழுசாகச் சாய்ந்து விழுந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். இடி நெருங்கும் முன்பே பாக்ஸின் பிளக்கையும் பின்னால் உள்ள டிஷ் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இடித்துக்கொண்டிருக்கும்போது கழற்றப் போகாதீர்கள்.

மழையைத் தாண்டிய டிஷ்கள் பொங்கலில் மாட்டிக்கொள்ளும். வெள்ளையடிக்க வருகிறவர் பின்சுவருக்காக டிஷ்ஷைத் திருப்பி, அடித்து முடித்து, "இருந்த இடத்துலதான் வச்சேன் அண்ணாச்சி" என்பார். முக்கால் சென்டிமீட்டர் கணக்கு அவருக்குத் தெரியாது. சிலர் அன்பு மிகுந்து எல்.என்.பி. மூடிக்கும் ஒரு கோட் அடித்துவிடுகிறார்கள். மார்க்கர் பேனாவால் பைப்பிலும் கிளாம்பிலும் சேர்த்து ஒரு கோடு இழுத்து வைத்தால், திரும்பியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆச்சி இந்த வருஷம் புரட்டாசியிலேயே கூப்பிட்டார். போனால் டிஷ் மறுபடி விலகியிருந்தது. நட்டெல்லாம் இறுக்கமாகவே இருந்தன. பைப் முழுதும் ஒரு பக்கம் சரிந்திருந்தது. "மயிலு வந்து உக்காருதுய்யா, நான் என்ன செய்ய?" என்றார். நாலைந்து கிலோ மயில் தாவி உட்கார்ந்தால் எந்த ஆங்கர் போல்ட் தாங்கும்? பைப்பைச் சுவர் உச்சியிலிருந்து கழற்றி, உள்பக்கமாகச் சுவருக்குக் கீழே இறக்கி மாட்டினேன். 69 டிகிரிக்கு மூன்றடிச் சுவர் ஒரு மறைவா? காற்றும் குறைந்தது. மயில் இப்போது கைப்பிடிச் சுவரில் உட்காருகிறதாம்.