டிராலி ஒயர்னா தமிழ்ல என்ன?

யார் வேணாலும் வரைஞ்சு திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்கற இணைய மேப்ல, ஐரோப்பா பக்கம் டிராலிபஸ் (தலைக்கு மேல போற கம்பியில இருந்து கரண்ட் எடுத்து ஓடற பஸ்) ஓடுற ஊர் ஏதாவது ஒண்ண எடுத்துப் பாத்தா ரோட்டுக்கான கோட்டுலயே டிராலி ஒயர்னு ஒரு டேக் (குறிச்சொல்) போட்டு வச்சிருப்பாங்க. இத தமிழ்ல என்னன்னு எழுதுறதுன்னு கேட்டா டக்குனு வர்ற பதில் "மேல்நிலை மின்கம்பி". தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா மேப் வேலைக்கு ஆகாது, ஏன்னா தெருவுல ஈபி கம்பத்துக்குக் கம்பம் போற கரண்ட் கம்பியும் மேல்நிலை மின்கம்பிதான், வயல் மேல டவர் டவரா போற ஹைடென்ஷன் லைனும் அதேதான், அதுக்கெல்லாம் மேப்ல பவர்னு தனி டேக் குடும்பமே இருக்கு. அந்தக் கம்பிங்கள எதுவும் தொடாம இருக்கணும். டிராலி ஒயர வண்டி எப்பவும் தொட்டுக்கிட்டே ஓடணும், விட்டுச்சுன்னா வண்டி நின்னுடும். இந்த வித்தியாசம் பேர்லயே தெரியணும்ங்கறதுதான் என் கட்சி.

முதல்ல டிராலிங்கற சொல்ல பாப்போம். இங்கிலீஷ்ல 1820கள்லயே சின்ன தள்ளுவண்டிக்கு இந்தப் பேர் இருந்துது, உருளுறதுன்னு அர்த்தம் வர்ற "ட்ரோல்"ங்கற பழைய வினையில இருந்து வந்திருக்கணும்னு அகராதிக்காரங்க சொல்றாங்க. நமக்கும் டிராலின்னா சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியும் ரயில்வே கேங்மேன் தள்ளிக்கிட்டுப் போற வண்டியும்தான். அப்புறம் அது எப்படிக் கம்பிக்குப் போச்சுன்னா, 1882 ஏப்ரல் 29ல பெர்லின் பக்கத்துல ஹாலன்சேங்கற எடத்துல வெர்னர் ஃபான் சீமன்ஸ்ங்கற ஜெர்மன் இன்ஜினியர் எலெக்ட்ரோமோட்னு ஒரு வண்டிய ஓட்டிக் காட்டினாரு, தண்டவாளம் கிடையாது, சாதா ரோடுதான், தலைக்கு மேல ரெண்டு கம்பி, அந்தக் கம்பி மேல ஒரு குட்டி வண்டி உருண்டுக்கிட்டே வரும், அதுல இருந்து கேபிள் வழியா கரண்ட் கீழ வண்டிக்கு எறங்கும். உலகத்துல முதல் டிராலிபஸ்னு சொல்றது இதத்தான், ஜூன் 13 வரைக்கும் ஓடுச்சு, அவ்ளோதான். கம்பி மேல உருளற இந்த மாதிரிக் குட்டி வண்டிக்குத்தான் டிராலின்னு பேர் ஒட்டுச்சு. அப்புறம் கம்பிக்கு மேல உக்காந்து உருளறது போயி, ஸ்பிரிங் வச்ச கழியோட நுனியில சின்ன சக்கரம் மாட்டி கம்பிய கீழ இருந்து அழுத்திப் பிடிக்கற முறை வந்துது, அமெரிக்காவுல ரிச்மண்ட் நகரத்துல 1888ல ஃபிராங்க் ஸ்பிரேக்ங்கற இன்ஜினியர் டிராம்கள அப்படி ஓட்டினதுக்கு அப்புறம் ஊர் ஊரா பரவிடுச்சு. பேர் மட்டும் எறங்கி எறங்கி வந்துது: குட்டி வண்டி, அப்புறம் சக்கரம், அப்புறம் கழி, கடைசியில முழு வண்டியே டிராலி. அதனால இன்னிக்கும் அமெரிக்கர் டிராலின்னா டிராம், பிரிட்டன்காரர் பேச்சுல அதே சொல் டிராலிபஸ், மொழிபெயர்க்கறவங்க இங்கதான் வழுக்குறாங்க.

ஜெர்மன்காரங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல. ஓபர்லைட்டுங், அதாவது மேல போற மின்பாதை, அதுல ஓடற பஸ் ஓபர்லைட்டுங்ஸ்பஸ், சுருக்கி ஓபஸ்.

இன்னொரு சொல் கேட்டனரி. ரயிலுக்கு மேல போற கம்பி அமைப்புக்கு ரயில்வே ஆளுங்க இந்தச் சொல்ல சர்வசாதாரணமா பேசுவாங்க, மேப்லயும் கம்பத்துக்கு கேட்டனரி மாஸ்ட்னு டேக் இருக்கு. லத்தீன்ல கட்டேனான்னா சங்கிலி, ரெண்டு முனையில பிடிச்சுத் தொங்கவிட்ட சங்கிலி எடுக்கற வளைவுக்கு டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் 1690ல வச்ச பேர் இது. கணக்குல தமிழ்ல சங்கிலியம்னு எழுதுறாங்க, ரொம்ப நல்ல சொல். ஆனா ஒண்ணு கவனிக்கணும், வளைஞ்சு தொங்கறது மேல போற தாங்கு கம்பிதான், அதுல இருந்து குட்டிக் குட்டிக் கம்பிகள நெட்டுக்குத்தா எறக்கி, வண்டி தொடற கம்பிய தொய்வில்லாம கிட்டத்தட்ட மட்டமா பிடிச்சு வச்சிருப்பாங்க. வேகமா போற ரயிலுக்கு இது வேணும். மெதுவா ஊருக்குள்ள போற டிராம், டிராலிபஸ்ஸுக்குப் பல எடத்துல தாங்கு கம்பியே கெடையாது, ஒத்தக் கம்பிய அப்படியே இழுத்துக் கட்டியிருப்பாங்க, அதையும் கேட்டனரின்னு சொல்றது வாய்ப்பழக்கம்தான்.

பான்டோகிராஃப் கதை இன்னும் சுவாரசியம், மேப் போடறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது. கிரேக்கத்துல எல்லாத்தையும் எழுதறதுன்னு அர்த்தம், 1603 வாக்குல கிறிஸ்டோஃப் ஷைனர்ங்கற பாதிரியார் செஞ்ச படம் நகலெடுக்கற கருவி அது, நாலு சட்டத்த இணைச்சு மடங்கி விரியற மாதிரி இருக்கும், மேப்ப பெருசாக்கவும் சின்னதாக்கவும் ரொம்ப காலம் அதத்தான் வச்சிருந்தாங்க. ரயில் கூரையில கரண்ட் எடுக்கற சட்டமும் அதே மாதிரி மடங்கி விரிஞ்சதால பேர் அங்க ஏறிடுச்சு.

சரி, மேப்புக்கு வருவோம். டிராமுக்கு ஒரு கம்பி போதும், கரண்ட் தண்டவாளம் வழியா திரும்பிடும். டிராலிபஸ்ஸுக்கு ரப்பர் டயர், திரும்ப வழி இல்ல, அதனால ரெண்டு கம்பி, ரெண்டு கழி. மேப்ல டிராம் கம்பிய தண்டவாளக் கோட்டுலயே எலெக்ட்ரிஃபைட்ங்கற டேக்ல காண்டாக்ட் லைன்னு குறிச்சிடுவாங்க, கூடவே 600 இல்ல 750 வோல்ட், டிசி, அதாவது ஒரே திசையில ஓடற கரண்ட்ங்கறதால ஃபிரீக்வென்சி 0. டிராலிபஸ் கம்பிய ரோட்டுக் கோட்டுல குறிக்கணும், ஒரு பக்கம் மட்டும் கம்பி இருந்தா ஃபார்வர்ட், பேக்வர்ட்னு பிரிச்சுச் சொல்லலாம்.

பஸ் ரூட்டும் கம்பியும் ஒண்ணுதானே, எதுக்கு ரெண்டு வேலைன்னு கேப்பாங்க. ஒண்ணு இல்ல. ரோம் நகரத்துல 2005ல தொடங்கின 90ஆம் நம்பர் டிராலிபஸ் போர்ட்டா பியாவுல இருந்து தெர்மினி ஸ்டேஷன் வரைக்கும் பழைய ஊருக்குள்ள கம்பி வேணாம்னு பேட்டரியில போகும்படி கட்டினது. செக் நாட்டு பிராக் நகரம் 1972ல டிராலிபஸ்ஸ மூடிட்டு பல வருஷம் கழிச்சு திரும்பக் கொண்டுவந்தப்ப ப்ரோசெக் மேட்டுல ஏறற ரோட்டுக்குக் கம்பி போட்டாங்க, ஏறும்போதே பேட்டரியும் சார்ஜ் ஆகும், மிச்சத் தூரம் கம்பி இல்லாம. இதுக்கு நேர்மாறா டெப்போவுக்குப் போற வழி, டைவர்ஷனுக்குன்னு வச்ச வழி எல்லாத்துலயும் கம்பி இருக்கும், எந்த ரூட்டும் இருக்காது. சாட்டிலைட் படத்துல கம்பி தெரியாது, கம்பத்தோட நிழல் தெரிஞ்சா அதிர்ஷ்டம், தெருப்படமோ நேர்ல போறதோதான் வழி.

டிராம்னாலே மேல கம்பின்னு நினைக்கவும் கூடாது. மெட்ராஸ்ல 1895ல மின்சார டிராம் வந்தப்ப கரண்ட் ரோட்டுக்கு அடியில குழாய் வழியா போச்சு, மழைக்கு அது தாங்கல, அப்புறம்தான் மேல கம்பி கட்டினாங்க, 1953ல எல்லாமே போச்சு.

தமிழ்ச் சொல் என் கணக்குல இப்படி: வண்டி தொடற கம்பி தொடுகம்பி, அத தூக்கிப் பிடிக்கறது தாங்கு கம்பி, டிராலி போல்ங்கற அந்தக் கழிக்கு தொடுகழி. டிராம் டிராமாவே இருக்கட்டும், அமிழ் தண்டூர்தின்னு ஒரு சொல் இருக்கு, தண்டவாளம் ரோட்டுல அமிழ்ந்து கிடக்கறத நல்லாத்தான் சொல்லுது, ஆனா யாரும் பேசறதில்ல. டிராலிபஸ்ஸும் அப்படியே. கம்பி ரெண்டா பிரியற எடத்துல மாட்டற சாமானுக்கு இங்கிலீஷ்ல ஃபிராக்னு பேரு, தயவுசெஞ்சு தவளைன்னு போட்டுடாதீங்க, கிளை பிரியற எடத்துக்குக் கவைன்னு நம்மகிட்ட பழைய சொல் இருக்கு, கம்பிக்கவைன்னு போட்டா போதும்.