குளக்கரையில் கண்ணாடி, கராஜில் வெறும் கண்

போன சனிக்கிழமை என் கண் கிளினிக்குக்கு வந்தவர், இப்படி வந்தவர்களில் இந்த ஆண்டின் மூன்றாவது ஆள். வலது கண்ணை ஈரத் துண்டால் பொத்தியிருந்தார். பிஸ்மார்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் சிறிய மாதிரிக்கு உடற்கூட்டை ஃபைபர்கிளாஸில் வார்த்துக்கொண்டிருந்தபோது, ரெசின் என்ற பிசினை இறுகவைக்கும் ஹார்டனர் தெறித்துவிட்டதாம். “கண்ணாடி போட்டிருந்தேனே டாக்டர்” என்றார். படிக்கிற கண்ணாடி!

நான் இருப்பது டெக்சாஸில். மாதிரிப் போர்க்கப்பல்களைக் குளத்தில் விட்டு, நிஜமாகவே சுட்டு மூழ்கடிக்கும் பொழுதுபோக்கு 1970களின் இறுதியில் பிறந்தது இங்கேதான். 144-இல் ஒரு பங்கு அளவு. 251 மீட்டர் பிஸ்மார்க் ஒன்றே முக்கால் மீட்டருக்குச் சுருங்கிவிடும். வாயு அழுத்தத்தில் சீறி வரும் ரவைக் குண்டு துளைக்க வேண்டுமே, அதற்காகக் கூட்டின் பக்கங்களை ஜன்னல் ஜன்னலாக வெட்டி, மெல்லிய பால்சா மரப் பலகையை ஒட்டுவார்கள்.

கரையில் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ரவை பட்ட கண் ஒன்றைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. என்னிடம் வருவதெல்லாம் கராஜிலிருந்துதான்.

பவர் கண்ணாடி பார்ப்பதற்கு, தடுப்பதற்கு அல்ல. இதை எத்தனை பேரிடம்தான் சொல்வது? உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒரு விரலை நுழைத்துப் பாருங்கள். தாராளமாகப் போகும். கீழே கன்னத்துப் பக்கம் இன்னும் மோசம். ரெசின் கோப்பை மேல் குனிந்து கலக்கும்போது துளி எழும்புவதே அங்கிருந்துதான். குளக்கரைக் கண்ணாடியும் இதற்குப் போதாது. அது பறந்து வரும் ரவைக்கு, தெறிக்கும் திரவத்துக்கு அல்ல. முகத்தோடு ஒட்டி உட்காரும் ரசாயன காகிள்ஸ் வேண்டும்.

பாலியெஸ்டர் ரெசினுக்கான ஹார்டனர் பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். 100 கிராம் ரெசினுக்கு ஒன்றிரண்டு கிராம் போதும். ‘துளிதானே’ என்ற அலட்சியம் அதனால்தான் வருகிறது. அது பெராக்சைடு, பட்ட இடத்தை வேகவைக்கும் ரசாயனம். கருவிழியின் விளிம்பில்தான் அதன் மேல்தோலைப் புதுப்பிக்கும் செல்கள் இருக்கின்றன. அவை வெந்துபோனால் கருவிழி மங்கிவிடும். எங்களுக்கு மிகவும் பயம் தருவது அந்த விளிம்புதான்.

தெறித்ததா? அந்த நொடியே குழாயடிக்கு ஓடுங்கள். இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள், அப்புறம்தான் மருத்துவமனை. கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவும்போதே எடுத்துவிடுங்கள். சிவப்பு போக்கும் சொட்டு மருந்து வேண்டாம். கையுறையோடு கண்ணைத் தொடாதீர்கள். ஜன்னல் வெட்டும்போதும் காகிள்ஸ் இருக்கட்டும், கூடவே தூசிக்கான சுவாசக் கவசமும். ரெசின் வாடைக்கு அது உதவாது, அந்த ரசாயன ஆவியைப் பிடிக்கும் (organic vapour) வடிகட்டி வைத்த கவசம் தேவை. தயவுசெய்து, கலப்பதற்கு முன் குழாய் எங்கே இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமைக்காரர் உடனே கழுவவில்லை. கலந்த ரெசின் கோப்பையிலேயே இறுகிவிடுமே என்று, கையிலிருந்த அடுக்கை முடித்துவிட்டுத்தான் குழாயைத் திறந்தாராம். உடற்கூடு அருமையாக வந்திருக்கிறதாம். கண்ணைப் பற்றி அடுத்த வாரம்தான் சொல்ல முடியும்.