ஃபைபர்கிளாஸ் துருப்பிடிக்காதுதான், ஆனால் அவான்ட்டி துருப்பிடிக்கும்

மறுபடியும் அதே கதை, மறுபடியும் ஓர் அவான்ட்டி. முகம் பார்க்கலாம் போல பெயின்ட், 18 அங்குல வீல், பானட்டுக்குள் புத்தம்புது எல்எஸ் என்ஜின் (ஜெனரல் மோட்டார்ஸின் நவீன வி8). ஓட்டுநர் பக்கக் கதவை மட்டும் சும்மா சாத்த முடியாது, தூக்கிப் பிடித்துத் தள்ள வேண்டும். "கீல் தேய்ந்திருக்கும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக் கொடுங்கள்" என்பார் உரிமையாளர். கீலில் ஒன்றுமில்லை ஐயா. கார் நடுவில் தொய்ந்துவிட்டது.

அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் கம்பெனி செய்த அவான்ட்டியைத்தான் சொல்கிறேன். 1961-இல் வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியின் குழு கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் தங்கி, சில வாரங்களில் உருவம் கொடுத்த கார். 1963 மாடலில் 3,834, 1964 மாடலில் 809, ஆக மொத்தம் 4,643 கார்கள்தான். 1963 டிசம்பரில் ஸ்டூடிபேக்கரின் சவுத் பெண்ட் ஆலை மூடப்பட்டது. பிறகு நேதன் ஆல்ட்மனும் லியோ நியூமனும் உரிமையை வாங்கி, ஷெவர்லே 327 என்ஜினை வைத்து அவான்ட்டி 2 என்று தொடர்ந்தார்கள். சேஸி அதேதான், ஆகவே நோயும் அதேதான்.

"பாடி ஃபைபர்கிளாஸ், துருவுக்கு என்ன வேலை?" இந்த ஒரு வாக்கியம் கெடுத்த கார்களுக்குக் கணக்கில்லை. ஒஹாயோவின் ஆஷ்டபுலாவில் வார்த்த ஃபைபர்கிளாஸ் பலகைகள் துருப்பிடிக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாடி எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது? ஸ்டூடிபேக்கரின் லார்க் என்ற திறந்த கூரைக் காருக்காகச் செய்த, நடுவில் எக்ஸ் வடிவக் குறுக்குச்சட்டம் வைத்த இரும்பு சேஸியின்மேல். கார் கவிழ்ந்தால் தாங்கக் கூரைக்குள் இருக்கும் ரோல் பாரும் இரும்பு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, இரண்டு கதவுகளுக்கும் கீழே, வாசற்படி நெடுக ஓடும் தகட்டுப் பெட்டி. அமெரிக்கப் பட்டறைகளில் அதற்கு ஹாக் ட்ரஃப் என்று பெயர், அதாவது பன்றித்தொட்டி. பெயர் எவ்வளவு கேவலமோ, வேலை அவ்வளவு பெரிது. ஸ்டூடிபேக்கர் சேஸி சற்று வளைந்துகொடுக்கும் ரகம். கதவுக்காகப் பெரிய ஓட்டை விட்ட ஃபைபர்கிளாஸ் பாடிக்கு நடு இடத்தில் தனிப் பலம் கிடையாது. முன்பாதியையும் பின்பாதியையும் ஒரே நேர்கோட்டில் பிடித்து வைத்திருப்பது இந்தப் பெட்டிதான்.

சக்கரம் வாரி இறைக்கும் சேறும் குளிர்கால உப்பும் அதற்குள் போய்த் தேங்கும். வடிகால் துளை அடைபட்டால் மாதக்கணக்கில் ஈரம் காயாது. தகடு உள்ளிருந்து இற்றுப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது. சாதாரண இரும்புக் காரில் பெயின்ட் கொப்பளித்துக் காட்டிக்கொடுக்கும். இங்கே மேலே இருப்பது ஃபைபர்கிளாஸ், அது காட்டிக்கொடுக்காது. துருப்பிடிக்காத பாடி என்று எதைப் புகழ்கிறீர்களோ அதுதான் துருவை ஒளித்து வைக்கிறது.

பணம் கொடுக்கும் முன் அரைமணி நேரம் செலவழித்துப் பாருங்கள். கதவைச் சாத்தி, பின்விளிம்பின் மேல்முனை இடைவெளியைக் கீழ்முனையோடு ஒப்பிடுங்கள். மேலே நெருக்கி, கீழே அகன்றிருந்தால் சந்தேகப்படுங்கள். கதவைத் திறந்து நுனியைப் பிடித்துத் தூக்குங்கள். கீலில் ஆட்டம் இருந்தால் அது கீல் பின் தேய்மானம், சின்ன வேலை. கீல் அசையாமல் இடைவெளி மட்டும் நெருக்கினால் பெட்டி போய்விட்டது. முன்சீட்டில் இரண்டு பேரை உட்கார வைத்து அதே இடைவெளியை மறுபடி அளந்து பாருங்கள், மாறவே கூடாது. பிறகு காருக்கு அடியில் படுத்து, பெட்டியை நீளம் முழுக்கத் திருப்புளியின் பின்புறத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நிம்மதி. மொத்தென்று கேட்டாலோ திருப்புளி உள்ளே இறங்கினாலோ விலையை மறுபடி பேசுங்கள். அறுபது வருஷக் காரின் அடியில் நேற்றுப் பூசியது போல் கறுப்புத் தார்ப்பூச்சு பளபளத்தால், அது பராமரிப்பு அல்ல, ஒப்பனை. இற்றுப்போன பெட்டியின்மேல் ஃபைபர் மேட் ஒட்டி மூடி விற்பவர்களும் உண்டு.

பெட்டியை மாற்றும் வேலை வெல்டிங் கடைச் சமாச்சாரம் போலத் தெரியும், ஆனால் அடிப்படையில் அளவெடுக்கும் வேலை. சேஸியை மட்டம் பார்த்து ஸ்டாண்டில் நிறுத்துங்கள். காரின் தரைக்கு அடியில் நீளப் பலகை கொடுத்து, ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கதவு இடைவெளி சரியாகும் வரை பாடியை உயர்த்துங்கள். அவசரப்பட்டால் ஃபைபர் கிழியும். இடைவெளி சரியானதும் கதவைக் கழற்றி, கீல் துளைகளிலிருந்து பூட்டுக்கொண்டித் துளைகளுக்குக் குறுக்குக் கம்பி போல்ட் செய்து அந்த அளவைப் பூட்டி வையுங்கள். ஒரு சமயத்தில் ஒரு பக்கம் மட்டும். இரண்டையும் சேர்த்துக் கழற்றிவிட்டு அளவு எங்கே போச்சு என்று கேட்காதீர்கள். ரிவெட்டை உளியால் வெட்டக் கூடாது, டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பாடிக்கும் சேஸிக்கும் நடுவே எந்த இடத்தில் எத்தனை ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு) இருந்தது என்று எண்ணி, சீட்டு எழுதிக் கட்டுங்கள். புதுப் பெட்டி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலேயே விலைக்குக் கிடைக்கிறது. பொருத்தி, உள்ளே மெழுகுப் பூச்சு அடித்து, வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சீலன்ட் பூசும் உற்சாகத்தில் அதையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள்!

பெயின்ட் எடுக்க இரசாயன ஸ்ட்ரிப்பர் வேண்டவே வேண்டாம். ஃபைபர்கிளாஸைக் கெட்டியாக்கும் ரெசினுக்குள் ஊறி நின்று, புதுப் பெயின்ட் அடித்த சில மாதத்தில் கொப்புளமாகக் கிளம்பும். மணல் அடிப்பும் வேண்டாம். 80-ஆம் நம்பர் உப்புத்தாள், பொறுமை, மூக்குக்குச் சரியான முகமூடி. விரிசல்மேல் பட்டி போட்டால் விரிசல் திரும்ப வரும். பலகையின் கனத்தைப்போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, மேட்டும் ரெசினும் அடுக்கடுக்காக வைத்தால்தான் நிற்கும்.

இத்தனையும் முடிந்த பிறகு நவீனப்படுத்தலாம், யாரும் தடுக்கவில்லை. முதலில் பிரேக். முன்னால் டிஸ்க் இருக்கிறதே என்று திருப்தி அடையாதீர்கள். மிதியின் அழுத்தத்தைக் குழாய்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று, ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. இரட்டைச் சுற்று போடும்போது பின் டிரம்முக்கு 10 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு வேண்டும், மிதியை விட்ட பிறகும் லைனில் அந்த அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அது. அதே வால்வு முன் டிஸ்க் லைனில் இருந்தால் பேட் உரசிக்கொண்டே ஓடும், வீல் கொதிக்கும்.

வயரிங்கில் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொள்வது எர்த்துக்குத்தான். ஃபைபர்கிளாஸில் கரண்ட் ஓடாது, ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் உண்டு. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்குகிறதா? ஸ்விட்சை மாற்றாதீர்கள், எர்த் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பெரிய ஆல்டர்னேட்டர் போட்டால் டேஷிலுள்ள அம்மீட்டரை விலக்கி வோல்ட்மீட்டருக்கு மாறுங்கள். சார்ஜ் முழுவதும் அந்தச் சின்ன மீட்டர் வழியாகத்தான் போகிறது, கூடுதல் ஆம்பியரை அது தாங்காது. ஹெட்லைட்டுக்கு ரிலே போடுங்கள். சீட் பெல்ட் போல்ட்டை வெறும் ஃபைபர் தரையில் முடுக்கியிருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மோதும்போது தரையோடு பிய்ந்து வரும். சேஸியில் அல்லது அடியில் கனமான இரும்புத் தகடு கொடுத்து, 7/16 அங்குல போல்ட்டில் கட்டுங்கள்.

பழைய என்ஜினையே வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இது ஸ்டூடிபேக்கரின் 289 கன அங்குல என்ஜின், ஃபோர்டின் 289 அல்ல. கன அங்குலம் ஒன்று என்பதைத் தவிர ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. கடையில் வெறும் "289-க்கு கேஸ்கெட்" என்று கேட்டால் ஃபோர்டுக்குரியதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இதற்கு டைமிங் செயின் கிடையாது, பல்சக்கரம்தான். டாப்பட் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் ரகம் அல்ல, வால்வு இடைவெளி வைத்தாக வேண்டும், எண்ணெயில் துத்தநாகச் சத்து போதுமான அளவு இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு கெஞ்சல். டயர்க் கடையில் இரட்டைத் தூண் லிஃப்டில் ஏற்றும் பையனுக்கு இது என்ன கார் என்று தெரியாது. பழக்க தோஷத்தில் கையை வாசற்படிக்கு அடியில், அந்தப் பெட்டியின்மேலேயே கொடுப்பான். சேஸி நீளச்சட்டத்திலும் பின் ஆக்சிலிலும் மட்டுமே தூக்க வேண்டும். அந்த இடங்களைப் படம் வரைந்து ஓட்டுநர் கதவின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள். கடைக்குப் போனால், கார் மேலே ஏறும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள், டீ குடிக்கப் போகாதீர்கள்.