கோப்புப்பிடிக் கையிருப்பு: ‘ஃபைல் ஹேண்டில் கேஷ்’ என்பதற்குத் தமிழ்

கோவை சரவணம்பட்டியில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே ஒரு டீக்கடை. போன மாதம் அங்கே நின்றுகொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் காங்கேயத்துத் தங்கை ஒருவர் கேட்டார்: “ஏனுங்ண்ணா, நம்ம லைப்ரரியில ஃபைல் ஹேண்டில் கேஷ்னு ஒரு பகுதி இருக்குதுங்களே, அதுல கேஷ் பண்றது ஃபைலையா, ஹேண்டிலையா?”

நல்ல கேள்வி. (லைப்ரரி என்று அவர் சொன்னது நூலகத்தை அல்ல, எங்கள் நிரல்கள் பொதுவாக எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை.) மூன்று சொல்லையும் தனித்தனியாக நன்றாகத் தெரிந்தவர்களும் மூன்றும் சேர்ந்து வரும்போது தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். டீ ஆறும் வரை பேசினோம். பேசி முடியாத மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருள். ஒரு நிரல் கோப்பைப் படிக்க வேண்டுமானால், இயங்குதளத்திடம் ‘இதைத் திற’ என்று கேட்க வேண்டும். இயங்குதளம் அந்தப் பாதையில் அடைவு அடைவாக (ஃபோல்டர் ஃபோல்டராக) நடந்து போகும், படிக்க அனுமதி உண்டா என்று பார்க்கும், தன் அட்டவணையில் ஓர் இடம் ஒதுக்கும், அப்புறம் ஓர் அடையாளத்தை நிரலின் கையில் கொடுக்கும். அந்த அடையாளம்தான் ஹேண்டில். படித்து முடித்ததும் அதை மூடிவிடாமல், அடுத்த முறை உதவும் என்று சிலவற்றைத் திறந்தபடியே வைத்துக்கொள்வதுதான் ஃபைல் ஹேண்டில் கேஷ். கோப்பில் எழுதியிருப்பது எதுவும் இதற்குள் இல்லை. உள்ளடக்கத்தை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் வேலையை இயங்குதளம் தனியாகச் செய்துகொள்கிறது. ஆக, தங்கை கேட்டதற்குப் பதில்: ஹேண்டிலை.

இப்போது சொற்களுக்கு வருவோம். ‘ஃபைல்’ என்பதற்குக் கோப்பு என்று வைத்தவருக்குக் கோயில் கட்டலாம். பூ கோக்கிறோம், ஊசியில் நூல் கோக்கிறோம். அந்தக் ‘கோ’ என்ற வேரில் பிறந்தது கோப்பு. ஆங்கிலச் சொல்லின் வேரைத் தோண்டினால் அங்கேயும் நூல்தான் கிடைக்கிறது. லத்தீனில் ‘ஃபீலும்’ என்றால் நூல். தாள்களை நூலிலோ கம்பியிலோ கோத்து வைத்த பழக்கத்திலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ஃபைல் ஆனது. இன்றைக்கும் ஈரோட்டிலோ திருப்பூரிலோ பழைய கடை ஒன்றில் நுழைந்தால், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வளைந்த கம்பியில் பில்களைக் குத்தி வைத்திருப்பார்கள். அதுதான் அசல் கோப்பு. இரண்டு மொழியும் ஒரே நூலைப் பிடித்து ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. இதற்கு மேல் இந்தச் சொல்லில் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

ஹேண்டில்தான் சிக்கல். ஆங்கிலத்தில் ‘ஹேண்ட்’ என்ற கையிலிருந்து வந்த சொல் அது. கையால் பிடிக்கும் இடம். கணினியில் அது வந்து உட்கார்ந்த விதத்தையும் பார்க்க வேண்டும். 1984-இல் வந்த மெக்கின்டாஷில் ஹேண்டில் என்றால் சுட்டியைச் சுட்டும் சுட்டி (சுட்டி என்றால் இங்கே மௌஸ் அல்ல, நினைவக இடத்தைக் காட்டும் முகவரி). நினைவகத்தில் ஒரு துண்டை இயங்குதளம் தன் வசதிக்கு நகர்த்திக்கொள்ளலாம், நிரல் கையில் வைத்திருக்கும் பிடி மாறாது. விண்டோஸிலும் ஹேண்டில் என்றே பெயர். யுனிக்ஸ் குடும்பத்தில் ‘ஃபைல் டிஸ்கிரிப்டர்’ என்பார்கள். அது வெறும் முழு எண். 0, 1, 2 மூன்றும் உள்ளீடு, வெளியீடு, பிழை வெளியீடு என்று வழக்கமாக முன்பே போய்விடும். அதற்குப் பிறகு கோப்பைத் திறந்தால், அந்த நேரத்தில் காலியாக இருக்கும் மிகச் சிறிய எண் கிடைக்கும். பெயர் எதுவானாலும் சாரம் ஒன்றுதான்: பொருள் உன் கையில் இல்லை, அதைப் பிடித்திருக்கும் பிடி மட்டுமே உன் கையில்.

இதற்குச் சிலர் ‘கையாளி’ என்று எழுதுகிறார்கள். கையாளி என்றால் கையாளுகிற ஆள். கையாளுகிறவர் நிரல், பிடிபடுவது கோப்பு. ஹேண்டில் இரண்டுக்கும் நடுவில் இருப்பது. அதனால் அந்தச் சொல் எனக்கு ஒப்பவில்லை. ‘விவரிப்பான்’ என்பது டிஸ்கிரிப்டரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. அந்த எண் எதையும் விவரிப்பதில்லை. ‘கைப்பிடி’ சரியான சொல்தான். ஆனால் நீண்ட தொடரில் வரும்போது சுமையாகிவிடும்.

எனக்கு இதில் வழிகாட்டியது எங்கள் அப்பாரு (தாத்தா) வீட்டுக் கட்டுத்தரை, மாடு கட்டும் இடம். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு, பார்த்தவர்களுக்குத் தெரியும். முள்ளுக்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல் மரம். மாடு அதற்குள் மேய்ந்துகொண்டிருக்கும். பால் கறக்க வேண்டுமானால் படலைத் திறந்து, மரம் மரமாகத் தேடிப் போய், கயிற்றைப் பிடித்து ஓட்டிவர வேண்டும். ஒருநாள் சின்னப் பையனாக நான் கன்றுக்குட்டியின் கயிறு நழுவியதும் பதறி அதன் வாலைப் பிடித்துத் தொங்கினேன். அப்பாரு தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார்: “தும்ப உட்டுப்போட்டு வாலப் புடிச்சா நிக்குமா கண்ணு?” தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை என்று ஊரே சொல்லும் பழமொழி. ஹேண்டிலுக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் எங்கும் படிக்கவில்லை. மாடு என்பது கோப்பு. தும்பு, அதாவது கட்டுக்கயிறு, என்பது பிடி. மாட்டை ஆளுகிற வழி அந்தக் கயிறு ஒன்றுதான்.

தமிழில் கருவிக்கொரு பிடி இருக்கிறது. கலப்பைக்கு மேழி (‘மேழிச் செல்வம் கோழை படாது’ என்று கொன்றை வேந்தன் சொல்வது அந்தக் கைப்பிடியைத்தான்), மம்பட்டிக்குக் காம்பு, அரிவாளுக்கும் கத்திக்கும் பிடி. இவற்றில் ‘பிடி’ பெயராகவும் வரும், வினையாகவும் வரும். அதனால் அதையே எடுத்துக்கொண்டேன். கோப்புப்பிடி. யுனிக்ஸின் அந்த முழு எண்ணுக்குப் பிடி எண்.

மூன்றாவது கேஷ். இது பிரெஞ்சில் ‘ஒளித்துவை’ என்னும் வினையிலிருந்து வந்தது. வட அமெரிக்கக் காடுகளில் தோல் வேட்டைக்குப் போன பிரெஞ்சுக்காரர்கள் உணவையும் தோலையும் வழியில் குழி தோண்டி மறைத்து வைத்தார்கள். அந்த மறைவிடத்துக்குப் பெயர் கேஷ். கணினிக்கு அது வந்தது 1960-களில். பிரிட்டிஷ் கணினி அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் 1965-இல் இந்தக் கருத்தை எழுதியபோது ‘அடிமை நினைவகம்’ என்று பெயர் வைத்தார். ஐபிஎம் தன் சிஸ்டம்/360 மாடல் 85 கணினியை 1968-இல் அறிவித்தது. அதைப் பற்றிய கட்டுரைகள் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்விதழில் வரும்போது ‘அதிவேக இடைநிலை நினைவகம்’ என்பதைவிட நல்ல பெயர் வேண்டும் என்று இதழாசிரியர் தேடி, கேஷ் என்ற சொல்லைக் கொண்டுவந்தார். அது நிலைத்துவிட்டது.

தமிழில் இதற்குப் பதுக்ககம், இடைமாற்று, தற்காலிக நினைவகம் என்று பல சொற்கள் புழங்குகின்றன. பதுக்ககம் பிரெஞ்சு வேருக்கு நேரானது. ஆனால் நம் காதில் பதுக்கல் என்றால் ரேஷன் அரிசிதான் நினைவுக்கு வரும். தவிரவும், கணினியில் முக்கியம் மறைவு இல்லை, கைக்கெட்டும் தூரம். தற்காலிக நினைவகம் என்பதும் இங்கே உதவாது, ஏனென்றால் நாம் வைத்திருப்பது நினைவகத் துண்டை அல்ல, பிடிகளை. இடைமாற்று என்றால் எனக்கு என்னவென்றே பிடிபடவில்லை.

நம் கடைக் கணக்கு நோட்டில் அன்றாடம் எழுதும் ஒரு சொல் இருக்கிறது: கையிருப்பு. கிடங்கில் எவ்வளவு இருந்தாலும், வங்கியில் எவ்வளவு இருந்தாலும், இப்போதே எடுத்துக் கொடுக்கக் கையில் இருப்பது. கேஷ் என்ற கருத்து முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. இன்னொரு வியப்பும் உண்டு. ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் கேஷ்தான். அது வேறு வேர். பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நோட்டில் அந்தக் கேஷுக்கும் கையிருப்பு என்றே எழுதுகிறோம். இரண்டு கேஷுக்கும் ஒரே தமிழ் பொருந்துவது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அது பெரிய மகிழ்ச்சி.

ஆக, கோப்புப்பிடிக் கையிருப்பு.

சொல் சரியா என்று பார்க்க அதை வேலையில் பூட்டிப் பார்க்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் நான் எழுதிய நிரல் ஒன்று, நூல் லாட் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு என்று ஆயிரக்கணக்கான கோப்புகளைத் திரும்பத் திரும்பப் படித்தது. ஒவ்வொரு முறையும் திறந்து மூடியதால், வலையமைப்பில் இருந்த வட்டில் அது ஆமையாக நகர்ந்தது. திறந்ததை எல்லாம் ஒரு அட்டவணையில் போட்டு மூடாமல் வைத்தேன். வேகம் கூடியது. 1021 கோப்பு வரை சரியாகப் போனது. 1022-ஆவது கோப்பில் ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’ என்று சொல்லி நின்றுவிட்டது. லினக்ஸில் ஒரு நிரல் ஒரே நேரத்தில் வைத்திருக்கும் பிடிகளுக்கு வழக்கமான வரம்பு 1024. அதில் 0, 1, 2 முன்பே போய்விட்டன. மீதி 1021. கையிருப்பு என்றால் அளவு வேண்டும் என்பதை நான் மறந்திருந்தேன்.

அப்பாருவின் கட்டுத்தரையில் ஐந்தே முளைக்குச்சி. ஆறாவது மாட்டைக் கட்ட வேண்டுமானால் ஒன்றை அவிழ்த்துவிட வேண்டும். எதை? ரொம்ப நேரமாக யாரும் தேடாத மாட்டை. பிடிக் கையிருப்பும் அப்படித்தான் நடக்கிறது. நெடுநேரம் தொடாத பிடி முதலில் வெளியே போகும். லெவல்டிபி என்ற தரவுத்தள லைப்ரரி முன்னிருப்பாக (நாம் மாற்றாதவரை) 1000 கோப்பு என்று வரம்பு வைத்து, அதில் 10-ஐ மற்ற வேலைகளுக்கு ஒதுக்கிவிட்டு மீதியைக் கையிருப்புக்குத் தருகிறது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்திலும் ஒரு செயலுக்கு (ப்ராசஸ்) முன்னிருப்பு வரம்பு 1000. அது தனக்குள் மெய்நிகர்ப் பிடிகளை வைத்து, தேவைப்படும்போது அசல் பிடியை மூடிவிட்டு மறுபடி திறந்துகொள்கிறது. என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவையகத்தில் இந்த வசதி முன்னிருப்பாக அணைந்திருக்கும். நாம் அதைப் போட்டுவிட்டால், 60 விநாடி தொடாத பிடியை அதுவே எடுத்துவிடும்.

அவிழ்ப்பதில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும், மூன்றும் கட்டுத்தரையில் நடக்கக்கூடியவைதான். கறந்துகொண்டிருக்கும் மாட்டை அவிழ்க்கக் கூடாது. அதாவது, இன்னொரு இழை (அதே நிரலுக்குள் கூடவே ஓடும் வேறொரு வேலை) படித்துக்கொண்டிருக்கும் பிடியை மூடக் கூடாது. அதற்காகத்தான் ஒவ்வொரு பிடியையும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணி வைக்கிறோம்.

இரண்டாவது இன்னும் மோசம். ‘அஞ்சாம் முளையில் இருக்கும் மாட்டைக் கற’ என்று ஒருவனுக்குச் சொல்லிவிட்டீர்கள். அவன் வருவதற்குள் அந்த மாட்டை அவிழ்த்து, அதே முளையில் வேறு மாட்டைக் கட்டிவிட்டார்கள். அவன் வந்து எதைக் கறப்பான்? மூடிய பிடி எண்ணை இயங்குதளம் உடனே வேறு கோப்புக்குக் கொடுத்துவிடும். பழைய எண்ணை நினைவில் வைத்திருந்த இழை, புதிய கோப்பின் மேல் எழுதும். பிழைச் செய்தி எதுவும் வராது. தரவு மட்டும் கெட்டுப்போயிருக்கும்.

மூன்றாவது, பெயர் மாறாமல் பொருள் மாறுவது. செவலை என்று ஒரு மாடு இருந்தது, விற்றுவிட்டு வேறொன்று வாங்கி அதற்கும் செவலை என்றே பெயர் வைத்தார்கள். கையில் இருக்கும் பழைய கயிறு பழைய மாட்டைத்தான் இழுக்கும். லினக்ஸில் ஒரு கோப்பின் இடத்தில் அதே பெயரில் வேறு கோப்பை நகர்த்தி வைத்தால், பெயர் புதியதைக் காட்டும், கையிருப்பில் உள்ள பிடி பழையதையே படித்துக்கொண்டிருக்கும். அழித்த கோப்பானாலும் அப்படித்தான். கடைசிப் பிடி மூடும் வரை வட்டில் அதன் இடம் விடுபடாது. இப்படிப்பட்ட பிடிக்குப் பழம்பிடி என்று பெயர் வைத்திருக்கிறேன். கையிருப்பிலிருந்து எடுக்கும்போது இடையிடையே பெயரையும் பிடியையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக, மூட மறந்துபோன ஹேண்டில். இதை ஆங்கிலத்தில் லீக் என்கிறார்கள். பிடிக்கசிவு என்று எழுதிப் பார்த்தேன். பிடி எப்படிக் கசியும்? இரண்டு நாள் யோசித்த பிறகுதான் தோன்றியது, அந்தச் சொல் நம்மிடம் எப்போதும் இருக்கிறது: விடாப்பிடி. விட வேண்டிய நேரத்தில் விடாத பிடி. புதிதாகச் சொல் எதுவும் உண்டாக்க வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை அந்தத் தங்கை எங்கள் லைப்ரரியின் தமிழ்க் குறிப்பில் இப்படி எழுதியிருந்தார்: “கையிருப்பில் பிடி இருந்தால் அதைத் தரும், இல்லாவிட்டால் புதிதாகத் திறக்கும். கையிருப்பு 512-ஐத் தொட்டால் நெடுநேரம் தொடாத பிடியை அவிழ்த்துவிடும். பயன்பாட்டில் உள்ள பிடியை அவிழ்க்காது. விடாப்பிடி இருந்தால் நிரல் முடியும்போது எச்சரிக்கும்.” நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை.