பிளாக்அவுட்: மேடைலேருந்து தெருவுக்கு இறங்கின சொல்

நாடகத்துல ஒரு சீன் முடிஞ்சதும் சட்டுனு எல்லா லைட்டும் அணையும்ல, அதுதான் பிளாக்அவுட். கறுப்படிச்சு மறைக்கிறதுங்கிற இங்கிலீஷ் வினைலேருந்து பிறந்த சொல். 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துலயே மேடைக்காரங்க பேச்சுல இருந்துச்சு, வான்தாக்குதலுக்குப் பயந்து ஊர் விளக்கையெல்லாம் மறைக்கிறதுக்கு இந்தப் பேர் வந்தது 1930கள்லதான். எனக்கு இந்த வார்த்தை மேல பிரியம் வந்ததே இதனாலதான்.

1939 செப்டம்பர் 1ல பிரிட்டன் இருட்டாச்சு, 3ஆம் தேதி போர் அறிவிச்சதும் தியேட்டர், சினிமா எல்லாத்தையும் மூடச் சொன்னாங்க, ஆனா கொஞ்ச நாள்லயே திறந்துட்டாங்க. கும்மிருட்டுல ஜனங்க வீடு போய்ச் சேரணுமே, அதனால ஷோ நேரமே மாறிடுச்சு. லண்டன்ல 1940ல குண்டு விழுந்துட்டு இருந்தப்போ டொனால்ட் வூல்ஃபிட்ங்கிற நடிகர் ஸ்ட்ராண்ட் தியேட்டர்ல மதியச் சாப்பாட்டு நேரத்துல ஷேக்ஸ்பியர் போட்டார். சைரன் ஊதினா மேடைலேருந்தே சொல்லுவாங்க, போறவங்க ஷெல்டருக்குப் போலாம்னு, நெறைய பேர் சீட்டை விட்டு எழுந்திரிக்கவே மாட்டாங்க. 1941 ஜூலைல நாடக ஆசிரியர் நோயல் கவர்டோட பேய் காமெடி "பிளைத் ஸ்பிரிட்" முதல் ஷோவுக்கு இடிபாடு மேல போட்ட பலகைல நடந்துதான் பிக்கடில்லி தியேட்டருக்குள்ள போனாங்க, சாவை அவ்ளோ கிட்டத்துல பாத்த ஊர், செத்த பொண்டாட்டி ஆவியா வர்றதைப் பாத்து சிரிச்சுது, மொத்தம் 1,997 ஷோ ஓடுச்சு.

1990கள்ல போர் முற்றுகைல இருந்த போஸ்னியா தலைநகர் சரயேவோல விளக்கை அணைக்கச் சொல்ல வேண்டிய தேவையே இல்ல, கரண்டே கிடையாது. 1993 ஆகஸ்ட்ல அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் அங்க பெக்கெட்டோட "வெயிட்டிங் ஃபார் கோடோ" நாடகம் போட்டது மெழுகுவத்தி வெளிச்சத்துல. வராத ஒருத்தருக்காக காத்துக்கிட்டே இருக்கிற கதை, அந்த ஊர் ஜனங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

சரி, தமிழ்ல? போர்க்காலத்துக்கு இருட்டடிப்புங்கிற நல்ல சொல் ஏற்கனவே இருக்கு. ஆனா இப்ப "செய்தியை இருட்டடிப்பு பண்ணிட்டாங்க"ன்னா வேணும்னே மறைச்சுட்டாங்கன்னுதான் எல்லாரும் எடுத்துக்குவாங்க, அதனால "போர்க்கால இருட்டடிப்பு"ன்னு முழுசா எழுதுறது நல்லது. கரண்ட் போறதுக்கு மின்தடை, மின்வெட்டு இருக்கு. மேடைக்கு இருட்டடிப்பு ஒட்டாது, அதுல ஏதோ ஒளிக்கிற வாடை வருது, அடுத்த சீனுக்காக ஒரு நொடி இருட்டாக்குறதுக்கு விளக்கணைப்புன்னு சொல்லலாம்ங்கிறது என் கருத்து, ஸ்கிரிப்ட்ல "விளக்கு அணைகிறது"ன்னு எழுதினா இன்னும் இயல்பா இருக்கும்.